காப்பீட்டு அட்டை இருந்தும் 92,000 ரூபாய்: எந்தச் சட்டத்தைக் கேட்பது?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் ஊரையும் தவிர்த்து, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. தீப்பெட்டி ஆலையில் வேலை. கணவர் பெயிண்டர். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம். 14 மாதங்களுக்கு முன் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அட்டையை வாங்கிப் பதிந்துகொண்ட பிறகு, “திட்டத்தில் தரும் ஸ்டென்ட் சாதாரணமானது, நல்ல ஸ்டென்ட் வைக்க வேண்டுமென்றால் 60,000 ரூபாய் கட்டுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். (ஸ்டென்ட் என்பது அடைபட்ட இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்.) கூட்டுறவுச் சங்கத்தில் நகையை அடகு வைத்து 35,000 ரூபாயை ரொக்கமாகவும், நாத்தனார் கைபேசியிலிருந்து 25,000 ரூபாயை யூ.பி.ஐ. வழியாகவும் செலுத்தியிருக்கிறார். இதற்குக் கிடைத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. மருந்தகத்தில் பில்லோடு கட்டியது வேறு 32,000 ரூபாய். ஆக மொத்தம் 92,000 ரூபாய்.

அவர் கேட்பவை இவை: ஐந்து லட்சம் தருவதாகச் சட்டமே இருக்கும்போது இந்தப் பணத்தை அரசிடம் கேட்டுப் பெற முடியாதா? சுகாதார உரிமைச் சட்டம் வரப்போவதாகச் சொல்கிறார்களே, அதுவரை பொறுத்திருக்கலாமா? ‘விருப்பத்தின் பேரில் செலுத்துகிறேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி கேட்க வழியுண்டா? புகார் கொடுத்தால், மகன் வேலைக்குப் போவதைக் காரணம் காட்டி அட்டையை ரத்து செய்வார்களா?

அம்மா, உங்கள் கடிதத்தின் பாதி உங்களையே குறை சொல்லிக்கொள்வதில் போயிருக்கிறது. இதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் வாசலில் கணவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டுக் கேட்கப்படும் பணத்துக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள். அதை விட்டுவிட்டு, உங்கள் வழக்கு எதன் மீது நிற்கிறது, எதன் மீது நிற்காது என்று பார்ப்போம்.

நீங்கள் ‘சட்டம்’ என்று சொல்வது ஓர் அரசாணை

இங்கே ஒரு திருத்தம் அவசியமாகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று. அரசாணைகளாலும், அரசு காப்பீட்டு நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தாலும் நடக்கும் திட்டம் அது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் விரிவானது, 2018-இல் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு இணைக்கப்பட்டது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று வரம்பு உயர்ந்தது, 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் ஒப்பந்தம் போடப்பட்டது ஆகிய எல்லாமே அரசாணை வழியாக நடந்தவைதான்.

இந்த வேறுபாடு வக்கீல்களின் வெட்டிப் பேச்சு அல்ல. 1948-இல் தனிச் சட்டமாக வந்து, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் நடக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டை, அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யாருக்கு என்ன பலன் என்பது சட்டப் பிரிவுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது, தகராறு வந்தால் தீர்க்கத் தனி நீதிமன்றமும் அதே சட்டத்தால் அமைக்கப்பட்டிருக்கிறது. அரசாணையில் நடக்கும் திட்டத்துக்கு அப்படியொரு தனி நீதிமன்றம் கிடையாது. அரசு நினைத்தால் சிகிச்சைப் பட்டியலையும் வருமான வரம்பையும் இன்னோர் ஆணையால் மாற்றிவிடலாம். நிதி நிலைக்கேற்ப மருத்துவச் செலவுக்கு அரசு வரம்பு வைப்பது செல்லும் என்று, பஞ்சாப் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லிவிட்டது.

அதற்காக அரசாணை வெறும் காகிதம் என்றும் எண்ண வேண்டாம். ஒரு திட்டத்தை அறிவித்து நடத்தும் அரசு, ஒருவருக்குக் கொடுத்து அதே நிலையிலுள்ள இன்னொருவருக்குக் காரணமின்றி மறுக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் கூறு அதைத் தடுக்கிறது. அப்படி மறுக்கப்பட்டால், உங்கள் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நடந்தது அது இல்லையே. திட்டம் உங்களை மறுக்கவில்லை. அட்டை பதியப்பட்டது, முன் அனுமதி கிடைத்தது, சிகிச்சையும் நடந்தது. அதற்கு மேல் ஒரு தொகையை மருத்துவமனை வாங்கியதுதான் குறை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய இடம் அரசு அல்ல, மருத்துவமனை.

உங்கள் கொழுந்தனார் சொல்வதுபோல, “நம் பேரைச் சொல்லி ஐந்து லட்சத்தை மருத்துவமனை எடுத்துக்கொண்டது” என்பதும் சரியல்ல. ஐந்து லட்சம் என்பது குடும்பத்துக்கான ஆண்டு உச்சவரம்பு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த தொகுப்புக் கட்டணம் ஒன்று உண்டு, மருத்துவமனைக்குப் போவது அந்தத் தொகை மட்டும்தான். மீதி யார் கைக்கும் போவதில்லை, உங்கள் கைக்கும் வராது. புகார் மனுவில் ‘ஐந்து லட்சம் மோசடி’ என்று எழுதினால், முதல் விசாரணையிலேயே அது பொய்யென்று ஆகி, உண்மையான 60,000 ரூபாயும் சேர்ந்து அடிபடும்.

புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக ராஜஸ்தானைப் பற்றியதாக இருக்கும். அந்த மாநிலச் சட்டமன்றம் 2023 மார்ச் 21 அன்று சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் சட்டம் இயற்றியது அதுவே முதல் முறை. அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்பது அதன் முக்கியமான பகுதி. நோயாளியால் செலுத்த முடியாத தொகையை யார் ஈடுகட்டுவது, எப்போது ஈடுகட்டுவது என்று கேட்டுத் தனியார் மருத்துவர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, அரசோடு உடன்பாடு கண்ட பிறகே பணிக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரசு தர வேண்டிய தொகை தாமதமானால், அந்தச் சுமை கடைசியில் நோயாளியின் தலையில்தான் வந்து விழும்.

தமிழ்நாடும் அப்படியொரு சட்டம் இயற்ற முடியும். காப்பீடு என்ற பொருள் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருந்தாலும், பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939-லேயே சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. திட்டமாக இருப்பது சட்டமாக மாற வேண்டும் என்பதே என் சொந்த விருப்பமும்கூட. ஆனால் அது நாளையே வந்தாலும் உங்களுக்கு உதவாது. இப்படி உரிமைகளை உருவாக்கும் சட்டம், வேறுவிதமாகச் சொல்லாத வரை, நடைமுறைக்கு வரும் நாளிலிருந்துதான் பேசும். 14 மாதங்களுக்கு முன் நடந்ததை அது திரும்பிப் பார்க்காது. நீங்கள் காத்திருக்கும்போது, இப்போது கையில் இருக்கும் சட்டங்களின் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

‘நல்ல ஸ்டென்ட்’ என்ற பேச்சு

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி இதுதான். ஸ்டென்ட் விலை மருத்துவமனையின் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் அதற்கு உச்சவரம்பு வைத்தது. வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி. உடலிலேயே கரையும் வகைக்கும் அதே 29,600 ரூபாய்தான். மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி அந்த வரம்பு அவ்வப்போது சில ஆயிரங்கள் கூடியிருக்கிறதே தவிர, ஒரு ஸ்டென்டுக்கு 60,000 ரூபாயை அது தொட்டதில்லை. அதோடு, ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதன் விலையை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் ஆணையம் சொல்லியிருக்கிறது. வெள்ளைச் சீட்டில் இவை எதுவும் இருக்காது.

எனவே, திட்டத்தில் இணைந்த மருத்துவமனை அனுமதி பெற்ற சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்ற விதியை ஒரு கணம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அட்டையே இல்லாத ஒருவரிடம்கூட ஒரு ஸ்டென்டுக்கு அந்தத் தொகையை வாங்கியிருக்க முடியாது. திட்டத்தின் பணமும் வாங்கி, உங்களிடமும் வாங்கினால் அது இரட்டை வசூல். உங்கள் வழக்கின் முதுகெலும்பு இது.

32,000 ரூபாய் மருந்து பில்லில் இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியாது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து வீடு திரும்பிய நாள் வரை அந்தச் சிகிச்சைக்காக வாங்கிய மருந்து என்றால் கேட்கலாம். அனுமதிக்கு முந்தைய பரிசோதனையோ, வேறு நோய்க்கான மருந்தோ, வீட்டுக்கு எடுத்துச் சென்ற மாத்திரையோ கலந்திருந்தால் அந்தப் பகுதி நிற்காமல் போகலாம். பில்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். இரண்டு தொகைகளையும் ஒரே மனுவில் கேட்கலாம், ஆனால் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்ட தாள்

அந்தக் கையெழுத்து உங்கள் எதிர்த் தரப்புக்கு ஒரு கேடயம், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையுள்ள கேடயம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 16-ஆம் பிரிவில், நோயாலோ மன உளைச்சலாலோ நிலைகுலைந்திருக்கும் ஒருவரிடம் மேலாதிக்க நிலையில் இருப்பவர் பெறும் சம்மதத்தைத் தகாத செல்வாக்கால் பெற்றதாகக் கருத இடம் தருகிறது. தாளில் இருந்த நேரமும், கணவர் கேத் லேபுக்குள் போன நேரமும் எவ்வளவு நெருக்கம் என்பது மருத்துவப் பதிவிலேயே தெரிந்துவிடும். தவிர, சட்டம் வைத்த விலை வரம்பை மீறுவதற்கு ஒருவருடைய சம்மதம் அனுமதிச் சீட்டாகாது.

கதவுகளும் வரிசையும்

முதல் வேலை, ஆவணம். உங்கள் கணவர் பெயரில், அவருடைய கையெழுத்தோடு, சிகிச்சைப் பதிவுகளின் நகல் கேட்டு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. பதிவுகளை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்வதால், “அழித்துவிட்டோம்” என்ற பதிலுக்கு இப்போது இடமில்லை. ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது ஸ்டென்ட் வைத்த சிகிச்சையின் அறிக்கையில் ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் மாநில அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, மீண்டும் உங்கள் கணவரே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அடுத்தவரின் மருத்துவத் தகவல் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அப்போது வழியிருக்காது. கேட்க வேண்டியவை மூன்று: எந்தச் சிகிச்சைக்கு, எந்தத் தேதியில் முன் அனுமதி தரப்பட்டது? மருத்துவமனைக்கு எவ்வளவு வழங்கப்பட்டது? நோயாளியிடம் பணம் வாங்கவில்லை என்று மருத்துவமனை ஏதேனும் உறுதி கொடுத்திருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கான பதில் பல நேரங்களில் வழக்கையே முடித்துவிடும்.

மூன்றாவது, மாவட்ட ஆட்சியர். இந்தத் திட்டத்தின் மாவட்டக் கண்காணிப்பு, குறைதீர்ப்புக் குழுவுக்குத் தலைவர் அவரே. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதியலாம். மருத்துவமனைகள் திட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதைப் பெரிதும் அஞ்சுகின்றன. வழக்குத் தொடுக்காமலேயே, இந்தக் கட்டத்தில் பணம் திரும்பி வந்த குடும்பங்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால், வங்கி வழியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவில்லை என்றால் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். “நாங்கள் பிரீமியம் கட்டவில்லையே, அரசுதானே கட்டுகிறது, நாங்கள் எப்படி நுகர்வோர் ஆவோம்” என்று கேட்டிருந்தீர்கள். சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் இடத்திலும் அது நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று, இந்திய மருத்துவச் சங்கம் தொடர்பான 1995-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மேலும், நீங்கள் கையிலிருந்து 60,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். ஆனால் குறை நிகழ்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஆட்சியரிடம் மனு நிலுவையில் இருப்பது இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அங்கே நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, நிரந்தர மக்கள் நீதிமன்றம். மருத்துவமனைச் சேவையும் காப்பீட்டுச் சேவையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் என்பதால் அங்கே போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் அவர்களே முடிவும் சொல்வார்கள். விரைவு அதன் பலம். மேல்முறையீடு கிடையாது என்பது பலமா பலவீனமா என்பதை முடிவு எந்தப் பக்கம் வருகிறது என்பதே சொல்லும். அங்கே மனு கொடுத்துவிட்டால், அதே தகராறுக்கு வேறு நீதிமன்றம் போக முடியாது. உங்கள் ரொக்கப் பகுதிக்குச் சான்று மெல்லியது, சாட்சி விசாரணை தேவைப்படலாம், முடிவு பாதகமானால் மேலே செல்லும் வழியும் வேண்டும் என்பதால், நான் நுகர்வோர் ஆணையத்தைத் தேர்வேன். சட்ட உதவி வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.

உறவினர்களைத் திரட்டிக்கொண்டு போய் மருத்துவமனை முன் உட்காரப் போவதாகக் கொழுந்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மருத்துவமனைகளில் வன்முறையையும் சேதத்தையும் தடுக்க 2008-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஒரு கண்ணாடி உடைந்தால் போதும், பணம் கேட்டுப் போனவர் ஜாமீனுக்கு அலைய நேரிடும்.

அட்டை பறிபோகுமா?

பழைய வரம்பை நினைத்துப் பயப்படுகிறீர்கள். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றிருந்தது, 2022 ஒப்பந்தத்தோடு 1,20,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. நீங்கள் எழுதியிருக்கும் தொகை அதற்குள்தான் இருக்கிறது. மகன் திருமணமாகித் தனிக்குடித்தனம் போய், தனிக் குடும்ப அட்டையும் வாங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். உங்கள் அட்டையிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். இல்லையென்றால், புகாருக்கு முன்பே நீக்கிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் புதிய வருமானச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். உண்மையைச் சொல்லி வாங்கிய அட்டையை, புகார் கொடுத்ததற்காக யாரும் பறிக்க முடியாது.

மகன் மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் தொழிற்சாலையில் இருப்பதாக எழுதியதை நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு வாய்ப்பு தெரிகிறது. இ.எஸ்.ஐ.-யின் ஊதிய வரம்பு 21,000 ரூபாய். அவர் சம்பளச் சீட்டில் மாதம் 135 ரூபாய், அதாவது 0.75 சதவீதம், பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வருமான வரம்புக்கு உட்பட்டு அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் அவர் பதிவில் சேர்க்க முடியும். இது அரசாணையால் வந்ததல்ல, சட்டத்தால் வரும் உரிமை.

கணவரின் தொடர் பரிசோதனைக்கு அதே மருத்துவமனைக்குப் போகச் சங்கடமாக இருக்கிறது என்றால், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் பதிவுகளோடு போங்கள். செலவைக் குறைக்க அவர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாக எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவர் அல்லன். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் குறைப்பதும் உயிருக்கே ஆபத்து என்று எல்லா இதய மருத்துவர்களும் சொல்வார்கள். வழக்கு பத்து நாள் தள்ளிப் போகலாம், இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரொக்கமாகக் கொடுத்த 35,000 ரூபாய்க்கு வெள்ளைச் சீட்டைத் தவிரச் சான்று இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். அந்தச் சீட்டோடு நகைக்கடன் ரசீதையும் வைத்துப் பாருங்கள். சிகிச்சை நடந்த அதே நாளில், அதே தொகைக்கு நகை அடகு போயிருக்கிறது என்பதும், அதே நாளில் மருத்துவமனைக் கணக்குக்கு நாத்தனார் 25,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார் என்பதும், இரண்டும் கூட்டினால் சீட்டில் எழுதியிருக்கும் 60,000 வருகிறது என்பதும் ஆணையத்தின் முன் பேசும். நாத்தனாரின் வங்கியில் அந்த மாதக் கணக்கு அறிக்கையை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நகையை அடுத்த மாதம் மீட்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மீட்கும்போது அசல் ரசீதைச் சங்கத்தில் வாங்கிக்கொள்வார்கள், அதற்கு முன்பே இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் செயலாளரின் சான்றொப்பம் பெற்றுவிடுங்கள்.